மச்சான் அடித்த பெனால்டி

1938 அக்டோபர் 3, திங்கள்

இந்த வருஷமும் கோல் என்னுடையதுதான். கல்லூரிப் பலகையில் பதினொரு பேருடைய பெயரையும் ஒட்டிவிட்டார்கள். முதல் பெயர்: குற்றாலலிங்கம், பி.ஏ. கடைசி வருஷம், கோல்கீப்பர். கேப்டன் ஜெபமணியைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். "நன்றி எதுக்குலே? கோல்ல நிக்க வேற ஒரு பயலும் வரமாட்டேங்கான்" என்றான். அவனுக்கு ஒருவனை வாய்விட்டுப் பாராட்ட வராது.

போன வருஷ இறுதி ஆட்டத்தைப் பற்றி இதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நான் எழுதாவிட்டால் மட்டும் ஊர் மறந்துவிடவா போகிறது? மிஷன் கல்லூரியோடு ஆட்டம். முடியப் போகிற நேரம். அவர்களுடைய சென்டர் பார்வர்டு ஒரு பந்தை உருட்டினான். உதைக்கக்கூட இல்லை, உருட்டினான். கைக்குழந்தை தவழுகிற வேகத்தில் வந்தது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆசையாகக் குனிந்தேன். அது என் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து உள்ளே போய்ச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. கோப்பை போயிற்று. அன்றிலிருந்து என் பெயர் சல்லடை. மெஸ் சமையல்காரர்கூட, "சல்லடைத் தம்பிக்கு இன்னொரு கரண்டி மோரு" என்கிறார்.

ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டு நான் ஊரைப் பார்க்கப் போய்விடுவேன். அதற்குள் அந்தக் கோப்பையை வாங்கி, இந்தப் பெயரைத் தாமிரபரணியில் கரைத்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

அக்டோபர் 15, சனி

டவுண் கிளப்போடு பழக்க ஆட்டம். மூன்றுக்கு மூன்று. முதல் கோல் விழுந்தபோது வெயில் கண்ணில் அடித்தது. இரண்டாவதின்போது ஒரு காக்கை குறுக்கே பறந்தது. மூன்றாவதற்குக் காரணம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். விரலில் ஊசி குத்திவிட்டது. கோல்கீப்பர் விரல் என்று ஜெபமணிக்குக் கவலையே இல்லை.

நவம்பர் 12, சனி

கோப்பைக்கான முதல் சுற்று. மழை. மைதானம் நாற்றங்கால் மாதிரி கிடந்தது. ஐந்துக்கு நான்கு என்று ஜெயித்தோம். நாங்கள் எல்லாரும் வெறுங்காலோடுதான் ஆடுகிறோம். சேற்றில் யார் கால் யாருடையது என்று தெரியவில்லை. நான்கு கோல் விட்டேன் என்று ஜெபமணி குறைபட்டுக்கொண்டான். "ஐந்தாவதை விட்டேனா?" என்று கேட்டேன்.

நவம்பர் 20, ஞாயிறு. ஆழ்வார்குறிச்சி

வீட்டுக்கு வரச் சொல்லி அப்பா ஆள் அனுப்பியிருந்தார். வந்து கால் கழுவுவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"ஏலே, ஒனக்குப் பொண்ணு பாத்தாச்சு. திருநெல்வேலி டவுண்ல ஜவுளிக்கடை பொன்னம்பலம் பிள்ளை மக. உலகம்மைன்னு பேரு. தையில கல்யாணம்."

"பரீட்சை இருக்கேப்பா."

"பரீட்சைய ஒம் பொண்டாட்டியா எழுதப் போறா? நீதான எழுதணும். எழுது, யாரு வேண்டாம்னா? அது கெடக்கட்டும், பொண்ணுக்கு ஒரே ஒரு அண்ணன். அவனும் ஒன்ன மாதிரி பந்து பந்துன்னு அலையுத பயதானாம். மிஷன் காலேஜ்ல படிக்கான். பேரு ஆவுடையப்பன்."

எனக்குப் பூமி சுற்றியது. ஆவுடையப்பன்! போன வருஷம் பந்தை உருட்டின அந்தப் பாவி! அவனா எனக்கு மச்சான்?

நவம்பர் 21, திங்கள்

இந்தக் கல்யாணம் நடக்காது. முடிவு செய்துவிட்டேன்.

நவம்பர் 27, ஞாயிறு

அப்பாவின் மனசு நோகக் கூடாதே என்று பெண் பார்க்க மட்டும் போனேன். நான் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரக்குச் சேலை, சரிகை மெல்லிசு, இடது புருவத்தின் ஓரம் சின்னத் தழும்பு, காப்பித் தம்ளரை வைக்கும்போது வளையல் ஒன்று தம்ளரில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான் தெரியும்.

அவளுடைய சித்தி ஒருத்தி, "மாப்பிள்ளை பந்தாட்டம் ஆடுவாகளாமே, எந்த எடத்துல நின்னு ஆடுவாக?" என்று கேட்டாள். "கோல்கீப்பர்" என்றேன். உள் அறையிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. ஆவுடையப்பன் கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு உத்தரத்தைப் பார்த்தான். அப்படியானால் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தூ!

திரும்பி வரும்போது அப்பா, "என்னலே, பிடிச்சிருக்கா?" என்றார். பெரியவர்கள் பேச்சைத் தட்டுவது என் பழக்கம் இல்லை.

டிசம்பர் 10, சனி

இரண்டாம் சுற்று. இரண்டுக்கு ஒன்று, ஜெயம். விட்ட ஒரு கோலும் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் விழுந்தது. கம்பத்துக்கு நான் பொறுப்பு இல்லை.

ஆவுடையப்பன் ஹாஸ்டலுக்கு வந்திருந்தான். ஒரு தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்து. "எங்கம்மா குடுத்துவிட்டா மாப்ளே. மெதுவா தின்னும். கைய விட்டுக் கீழ போட்டுராதிரும்" என்றான். பக்கத்து அறைக்காரன்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முந்திரிக்கொத்து நன்றாக இருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "யாரு செஞ்சா ஒமக்கு நல்லாருக்கும்?" என்கிறான்.

1939 ஜனவரி 7, சனி

அரை இறுதி. ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயம்! நான் ஒரு கோலும் விடவில்லை! எதிரிகள் எங்கள் பக்கமே வரவில்லை என்று ஜெபமணி சொல்கிறான். பொறாமை.

அந்தப் பக்கத்து அரை இறுதியில் மிஷன் கல்லூரி ஜெயித்திருக்கிறது. ஆவுடையப்பன் மட்டும் நாலு கோல். ஆக, இறுதி ஆட்டம் மறுபடியும் அவர்களோடுதான்.

ஜனவரி 9, திங்கள்

இறுதி ஆட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். ஜனவரி 28, சனிக்கிழமை. என் கல்யாணம் 27, வெள்ளிக்கிழமை. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீடு. பெண் வீட்டில் சொதி விருந்து. மாப்பிள்ளை இல்லாமல் மறுவீடு எப்படி நடக்கும்? நான் இல்லாமல் இறுதி ஆட்டம்தான் எப்படி நடக்கும்?

ஜெபமணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "கோப்பை குடுக்கப்போற தொரை மறுநா சீமைக்குக் கப்பல் ஏறுதாராம். தேதிய மாத்த மாட்டாங்க. ஒங்க அப்பாட்ட முகூர்த்தத்த மாத்தச் சொல்லேம்லே."

அப்பாவிடமா? அவர் என்னை மாற்றினாலும் மாற்றுவார். முகூர்த்தத்தை மாற்ற மாட்டார்.

ஜனவரி 12, வியாழன்

தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு ஜவுளிக்கடைக்கே போய் மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரு சீட்டித்துணியை முழம் போட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில், "அதுக்கென்ன மாப்ளே, எம் மகனும்லா ஆடுதான்? ரெண்டு பேரும் போங்க. ஆனா எலையில உக்காந்து நல்லா சாப்பிட்டுட்டுத்தான் போகணும். மறுவீட்டன்னைக்கு மாப்பிள்ளை அரை வயித்தோட எந்திரிச்சாருன்னு நாளைக்கு எவனும் சொல்லிரக் கூடாது பாருங்க" என்றார்.

தங்கமான மனுஷர். அவருக்கு எப்படி ஆவுடையப்பன் மாதிரி ஒரு பிள்ளை பிறந்தான் என்று தெரியவில்லை.

ஜனவரி 13, வெள்ளி

ஜெபமணிக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அவன் திட்டம் இது: மறுவீட்டு விருந்துக்கு எங்கள் டீமையும் கூப்பிட வேண்டும், மிஷன் கல்லூரி டீமையும் கூப்பிட வேண்டும். சொதி என்றால் சும்மாவா? தேங்காய்ப்பாலில் கிழங்கும் காயும் போட்டுக் கொதிக்கவிட்டு, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி வைத்துப் பரிமாறினால் சன்னியாசிகூட மூன்று தரம் சோறு கேட்பான். தின்று முடித்தவன் நேரே பாயைத்தான் தேடுவான். அவன்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு மைதானத்தில் தூங்க வேண்டும். நாங்கள் ஆளுக்கு ஒரே கரண்டியோடு எழுந்துவிட வேண்டும்.

டீம் முழுவதும் ஜெபமணியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தது. நானும் செய்தேன்.

ஜனவரி 27, வெள்ளி

கல்யாணம் ஆகிவிட்டது.

நாதஸ்வரக்காரர் நன்றாக வாசித்தார். அப்பா யாரோடும் சண்டை போடவில்லை. மணவறைக்குப் போகுமுன் மைத்துனன் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும் என்பது முறை. ஆவுடையப்பன் செம்பும் தாம்பாளமுமாக வந்து பயபக்தியோடு குனிந்து உட்கார்ந்தான். தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இந்தக் காலுக்கு நடுவுலதான வே போச்சு" என்றான். பதில் சொல்ல முடியுமா? எதிரே நூறு பேர். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். "மாப்பிள்ளைக்கு என்ன களையான முகம்!" என்று யாரோ ஒரு ஆச்சி சொன்னது காதில் விழுந்தது.

சாயங்காலம் நலுங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்ட வேண்டும். உலகம்மை உருட்டினாள். நான் பிடிக்கவில்லை. அது என் முழங்காலுக்கு அடியில் புகுந்து பின்னால் ஓடிவிட்டது. பந்தலே கூரை பறக்கிற மாதிரி சிரித்தது. ஆவுடையப்பன் விசில் அடித்தான். அடுத்த தடவை அவள் பாவம் பார்த்து ரொம்ப மெதுவாக உருட்டினாள். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

தேங்காய் உருண்டை வடிவம் இல்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

நேற்று எழுத நேரம் இல்லை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சொதி விருந்துக்கு இரண்டு டீமும் வந்து எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கும் மைத்துனனுக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. முதல் கரண்டி சொதி விழுந்தது. ஜெபமணி எங்கள் ஆட்களை ஒரு முறை முறைத்தான். ஒரு வாய் சாப்பிட்டான். பிறகு அவன் யாரையும் முறைக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நாலாவது தடவை அவன் இலைக்குச் சோறு வந்தபோது எண்ணுவதை நிறுத்திவிட்டேன். "சத்தியம் என்னலே ஆச்சு?" என்று கேட்டேன். "சத்தியம் பண்ணும்போது நான் சொதியப் பத்திக் கேள்விதான பட்டிருந்தேன்" என்கிறான்.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லவில்லை. அத்தை இலைக்கு முன்னால் நின்றுகொண்டு, "மாப்பிள்ளை ஒண்ணுமே சாப்பிடலியே" என்று கண் கலங்குகிறாள். என்ன செய்வது? மாமா வந்து குனிந்து ஆவுடையப்பனிடம், "ஏல, இன்னைக்கு மாப்பிள்ளை மனசு கோணாம நடந்துக்கோ. என்னா?" என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

மாலையில் பாளையங்கோட்டை மைதானத்தில் நடந்ததை ஆட்டம் என்று சொல்வது பாவம். இருபது பேரும் சாமி ஊர்வலம் மாதிரி நகர்ந்தார்கள். ரெபரி விசில் ஊதினால் எல்லாரும் நன்றியோடு நின்றுகொண்டார்கள். எங்கள் சென்டர் பார்வர்டு ஏப்பம் விடுவதற்காகத் திரும்பினான். யாரோ உதைத்த பந்து அவன் முதுகில் பட்டு அவர்கள் கோலுக்குள் போய்விட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். யாருக்கும் குதிக்கத் தெம்பு இல்லை.

முடியப் போகிற நேரத்தில் ஜெபமணி கோலுக்குப் பக்கத்தில் பந்தைக் கையால் தள்ளிவிட்டான். காலைத் தூக்க முடியவில்லையாம். பெனால்டி!

பந்தை வைத்தவன் ஆவுடையப்பன். கூட்டம் முழுவதும், "சல்லடை! சல்லடை!" என்று கத்தியது. சாமி, இன்றைக்கு மட்டும், இந்த ஒன்று மட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பின்னால் போனான். ஓடிவந்தான். அடித்தான்.

எந்தப் பக்கம் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தால்தான் எனக்குக் கெடுதல். இடது பக்கம் பாய்ந்தேன். பந்து இரண்டு உள்ளங்கையிலும் அறைந்தது. நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மண்ணில் புரண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் பந்து என்னிடம் இருக்கிறது! என்னிடம்!

கோப்பை எங்களுக்கு. என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. நேற்று முன்தினம் தாலி கட்டியபோதும் சந்தோஷம்தான். அது வேறு.

ஜனவரி 30, திங்கள்

அடப்பாவிகளா!

கடைத்தெருவில் ஒருவர் என் தோளைத் தட்டி, "ஒம்ம மச்சான் தங்கம்வே. மாப்பிள்ளைக்காகக் கப்பையே விட்டுக் குடுத்துட்டானே" என்றார். வெற்றிலைக் கடையிலும் இதே பேச்சு. மாமா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எங்க வீட்டுப் பிள்ளைக்கு மரியாதை தெரியும்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். என் அப்பாவே, "சம்பந்தி வீட்டுக்காரங்க பெரிய மனசுக்காரங்கலே" என்று உருகுகிறார்.

ஆவுடையப்பனிடம் நேராகவே கேட்டேன். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். அவன், "தங்கச்சி புருசன அழ வைக்க முடியுமா மாப்ளே?" என்று சிரித்தான்.

ஜனவரி 31, செவ்வாய்

விட்டுக்கொடுக்கிறவன் அப்படியா அடிப்பான்? என் உள்ளங்கை இன்னும் எரிகிறது. ஆனால் ஊரே சொல்லும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை எனக்கு எட்டும்படியாகத்தான் அடித்தானோ? நான் சல்லடையேதானா? இரண்டு வேளையாகச் சோறு இறங்கவில்லை. நாளன்றைக்குக் கல்லூரியில் பாராட்டுக் கூட்டம். இரண்டு டீமும் வருகிறது. அங்கே எல்லார் முன்னாலும் அவனை எழுப்பி, உண்மையைச் சொல்லடா என்று கேட்கப் போகிறேன்.

பிப்ரவரி 1, புதன்

மறுவீட்டிலிருந்து மாமா வீட்டில்தான் இருக்கிறோம். காலையில் உலகம்மை காப்பி கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நீங்க ரெண்டு நாளா சாப்பிடாம இருக்கிய. எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு சொன்னா யாருட்டயும் சொல்ல மாட்டியளே?"

சொல்ல மாட்டேன் என்றேன்.

"அண்ணன் நெசமாத்தான் அடிச்சான். ஆட்டம் முடிஞ்சு வந்ததுலேருந்து மாட்டுத்தொழுவத்துல போய்ப் போய் உக்காந்துக்கிடுதான். நேத்து வைக்கோல் எடுக்கப் போனேன். தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு இருந்தான். 'இதுக்கு மேல என்னால அடிக்க முடியாது உலகு, எப்படிப் பிடிச்சாருன்னே தெரியல'ன்னு சொல்லுதான். அவன் காலேஜ்ல எல்லாரும் ஏசிட்டாகளாம். விட்டுக் குடுத்தான்னு ஊரு பேசுததுனாலதான் அவன் தெருவுல தலை நிமிந்து நடக்கான். அதையும் கெடுத்துராதிய."

எனக்கு அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு தட்டாமாலை சுற்ற வேண்டும் போல் இருந்தது. நிஜமாகவே பிடித்திருக்கிறேன்! அப்புறம்தான் உறைத்தது: இதை ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்ல முடியாது. அந்தக் குரங்குப்பயலுக்காக நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? நாளைக்குப் பார்க்கலாம். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 2, வியாழன்

கூட்டம் நடந்தது. எங்கள் பிரின்சிபால் கோப்பையைப் பற்றி ஒரு நிமிஷமும், ஆவுடையப்பனுடைய பெருந்தன்மையைப் பற்றிக் கால் மணி நேரமும் பேசினார். பிறகு என்னைப் பேசச் சொன்னார்.

எழுந்தேன். முன் வரிசையில் ஆவுடையப்பன். எப்போதும் காலை நீட்டி உட்காருகிறவன், ஒடுங்கி உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "சல்லடை, சொல்லுலே!" என்று வேறு கத்தினான்.

"ஆமா. எங்க மச்சான்தான் விட்டுக் குடுத்தாரு. இல்லேன்னா அவரு பந்தை நான் எங்க பிடிக்க?" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் ஓயவே இல்லை.

ஆவுடையப்பன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திரும்பி வரும்போது ஜட்கா வண்டியில் நல்ல இடத்தை எனக்கு விட்டுவிட்டு, அவன் வண்டிக்காரன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 3, வெள்ளி

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு அயர்ந்திருந்தார்கள். உலகம்மை அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னிய?"

"ஒங்க அண்ணன்லா" என்றேன்.

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம், "எப்படித்தான் பிடிச்சிய? எனக்கு மட்டும் ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்" என்றாள்.

எத்தனை நாளாக இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்! கட்டில்தான் கோல். தலைமாட்டுக் கம்பம் ஒன்று, கால்மாட்டுக் கம்பம் ஒன்று. பந்துக்குத் தலையணை. கட்டிலுக்கு முன்னால் நான் குனிந்து நின்றேன். வாசற்படிப் பக்கமாக அவளை ஆவுடையப்பனாக நிற்க வைத்தேன்.

"புருசனப் பாத்துக் காலால ஒதைக்கலாமா?" என்றாள்.

"பந்துன்னா ஒதைக்கத்தான் செய்யணும்" என்றேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனாள். மெதுவாகத் தட்டுவாள் என்று நினைத்தேன். அம்மாடி! அண்ணனுக்குத் தங்கைதான். தலையணை விர்ரென்று கால்மாட்டுப் பக்கம் பறந்தது. நானும் பாய்ந்தேன். இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் போய் விழுந்தேன். படார் என்று கட்டில் கால் முறிந்து, கட்டிலும் நானும் தரையில் கிடந்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

வீடே எழுந்து ஓடிவந்துவிட்டது. கதவைத் திறந்தால் முன்னால் ஆவுடையப்பன். பின்னால் அத்தை, மாமா, சித்தி, வேலைக்காரி. கட்டிலைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். உலகம்மையின் செருகின சேலையைப் பார்த்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பழைய கட்டிலு. பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஆவுடையப்பன் மட்டும் நகராமல் நின்றான். இந்த வாரத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பழைய சிரிப்பு வந்திருந்தது.

"என்ன மாப்ளே, பட்டப்பகல்லயா?" என்றான்.

உண்மையைச் சொல்ல முடியுமா? "ஆமா மச்சான்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் வரைக்கும் செய்தி போய்விட்டது. ஜெபமணி வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறான். இனி என்னை யாரும் சல்லடை என்று கூப்பிடப் போவதில்லை போலிருக்கிறது. புதுப் பெயர் வைத்துவிட்டார்களாம், அதை இதில் எழுத முடியாது.

ஆசாரி நாளைக் காலையில் வருகிறார். யாரும் என்னவும் நினைத்துக்கொண்டு போகட்டும். இரண்டு தடவையும் பிடித்தேன்.